சீசர் முடிந்து 12 நாள், இடது கால் மட்டும் வீங்கியிருக்கிறது. விடியும் வரை பார்க்கலாமா?

சாமிமலைத் தம்பி, இரவு 8.10

அக்காவுக்கு சீசர் செய்து இன்றோடு 12 நாள். முதல் பிள்ளை. ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தாயும் பிள்ளையும் நன்றாகத்தான் இருந்தார்கள். நான்கு நாளைக்கு முன் இடது கெண்டைக்காலில் பிடிப்பு மாதிரி இருக்கிறது என்றாள், படுத்தே கிடப்பதால் வந்த கெண்டை பிடிப்பு என்று நாங்களும் விட்டுவிட்டோம். இப்போது முழங்காலுக்கு மேலேயும் வீக்கம் ஏறியிருக்கிறது. தொட்டால் சுடுகிறது, தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கிறது. வலது கால் எப்போதும் போல மெலிந்துதான் இருக்கிறது.

நேற்று முன்தினம் ஒரு டிஸ்பென்சரியில் காட்டினோம். பிள்ளை பெற்ற உடம்பு, நீர் இறங்கும் என்று பூசுவதற்கு ஒரு களிம்பும் நோவு மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் வலி குறைகிறது, வீக்கம் குறையவில்லை. அம்மா நல்லெண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறார், இரவைக்கு நன்றாக அழுத்தி உருவிவிட்டால் நீர் இறங்கிவிடும் என்கிறார். அத்தான் கொழும்பில் வேலை, வெள்ளிக்கிழமைதான் வருவார். எங்கள் தோட்டத்து லய வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கவே முக்கால் மணி நேரம், மழை வேறு. விடிந்த பிறகு போனால் போதுமா?

நானுஓயா பேத்தி, இரவு 8.24

பயப்படாதீங்க தம்பி. பச்சை உடம்புக்காரிக்குக் கால் வீங்குவது புதிதில்லை. எங்கள் பாட்டி நொச்சி இலை போட்டு ஒத்தணம் கொடுப்பார், அப்புறம் விளக்கெண்ணெய் தேய்த்துக் கீழிருந்து மேலாக உருவிவிடுவார். எனக்கே இரண்டு பிள்ளைக்கும் அப்படித்தான் செய்தார்கள், இரண்டு கால் வீக்கமும் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. அக்காவுக்குப் பத்தியக் குழம்பு ஒழுங்காகக் கொடுங்கள்.

லொறிக்காரன், இரவு 8.31

தம்பி, முதலில் எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைக்கச் சொல்லுங்கள். உருவ வேண்டாம், அமுக்க வேண்டாம், ஒத்தணமும் வேண்டாம். பேத்தி கோபித்துக்கொள்ளக் கூடாது, நீங்கள் சொன்னதிலேயே விஷயம் இருக்கிறது, உங்களுக்கு வீங்கியது இரண்டு காலும், இந்தப் பிள்ளைக்கு ஒரு கால்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுகிறவன். இரண்டு வருடத்துக்கு முன் கோவா மூட்டை சரிந்து வலது கால் எலும்பு உடைந்தது, முழங்கால் வரைக்கும் பிளாஸ்டர். மூன்றாவது வாரம் பிளாஸ்டருக்குள்ளே கெண்டைக்கால் வலி. கட்டு இறுக்கமாக இருக்கிறது போல என்று நினைத்து மனைவியிடம் தலையணை வாங்கிக் காலை உயர்த்தி வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்தேன், அவ்வளவுதான். அதற்கு ஐந்தாறு நாள் கழித்து ஒரு காலை, கட்டிலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு ஏறவில்லை. ஓடி வந்தவன் மாதிரி நெஞ்சு படபடக்கிறது. மூச்சை ஆழ இழுத்தால் வலப்பக்க விலாவில் கத்தி குத்துகிற மாதிரி. வீட்டில் எல்லோரும் பனி, சளி, கொத்தமல்லி குடி என்றார்கள். மலையில் இருக்கிறவனுக்கு மூச்சு வாங்குவது ஒரு நோயா, படிக்கட்டு ஏறினால் எல்லோருக்கும் வாங்கத்தான் செய்யும் என்று நானும் இருந்தேன். அன்று பின்னேரம் இருமலில் இரத்தம் கோடாக வந்தது. சயரோகம் என்று மனைவி அழத் தொடங்கிவிட்டாள்.

சயரோகம் இல்லை. காலில் உறைந்த இரத்தக் கட்டி உடைந்து நுரையீரலில் போய் அடைத்திருக்கிறது. சீ.டி. ஸ்கேன் எடுத்துக் காட்டினார்கள். கால் வலி வந்த அன்றே வந்திருந்தால் காலோடு முடிந்திருக்கும் என்று டொக்டர் சொன்னபோது எனக்கு அந்தக் கிரிக்கெட் மேட்ச்தான் ஞாபகம் வந்தது, அதிலும் நாம் தோற்றுத்தான் போனோம்.

விடியும் வரை பார்க்க வேண்டாம். அக்காவிடம் இப்போதே கேளுங்கள்: மூச்சு சரியாக இருக்கிறதா, நெஞ்சு வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா? ஒன்று இருந்தாலும் அம்புலன்ஸுக்கு, 1990க்கு அடியுங்கள்.

வாட்டு அக்கா, இரவு 8.47

நான் ஊவாப் பக்கம் தாதியாக இருக்கிறேன், 14 வருடத்தில் பாதிக்கு மேல் பிரசவ வாட்டில். லொறிக்காரர் அண்ணன் சொன்னது சரி. நேரில் பார்க்காமல் இது இன்ன நோய் என்று நான் சொல்லப் போவதில்லை, ஆனால் தம்பி எழுதியதை வைத்துப் பார்த்தால் இன்றிரவே டொக்டர் பார்க்க வேண்டிய கால் இது. ஆழ் நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம்.

ஏன் பிள்ளை பெற்றவளுக்கு வருகிறது என்று கேட்பீர்கள். பிரசவத்தில் அதிகம் இரத்தம் போய்விடக் கூடாது என்பதற்காகக் கர்ப்ப காலத்திலேயே உடம்பு இரத்தத்தைச் சீக்கிரம் உறைகிற பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். பிள்ளை பிறந்ததும் அது உடனே பழைய நிலைக்குத் திரும்பாது, முதல் 6 வாரம்தான் ஆபத்து அதிகம். அதோடு சீசர் என்றால் ஒரு ஒப்பரேஷன், அப்புறம் நம் வீடுகளில் பச்சை உடம்பு, அசையக் கூடாது என்று இருட்டுக் காம்பராவில் படுக்க வைத்துவிடுகிறோம், தண்ணீரும் அளந்துதான் கொடுக்கிறோம். ஓடாத இரத்தம் உறையும். பீலித் தண்ணீர் ஓடுகிற வரைக்கும் தெளிவாக இருக்கும், தேங்கினால் பாசி பிடிக்கும், அது மாதிரிதான். இடது கால் என்று தம்பி எழுதியதையும் கவனித்தேன். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் இது வந்தால் பெரும்பாலும் இடது காலில்தான் வரும், இடுப்புக்குள்ளே அந்தப் பக்கத்து நாளத்தின் மேலே ஒரு தமனி குறுக்கே போகிறது, நாளம் அங்கே நசுங்கி நிற்கும்.

தையல் டேப் இருந்தால் இரண்டு காலையும் அளந்து பாருங்கள். முழங்கால் சிப்பிக்குக் கீழே ஒரு எலும்பு முட்டு தட்டுப்படும், அதிலிருந்து 10 சென்ரிமீற்றர் கீழே இறங்கிக் கெண்டைக்காலைச் சுற்றி அளக்க வேண்டும். இரண்டுக்கும் 3 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டொக்டர்மார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் வித்தியாசம் இரண்டுதான், அப்படியென்றால் பரவாயில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், அளவு என்பது டொக்டரிடம் சொல்வதற்குத்தான். இன்னொன்று, புத்தகங்களில் கால் சிவக்கும் என்று போட்டிருக்கும். நம் கறுத்தத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. புறங்கையை இரண்டு காலிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள், சூடு தெரியும்.

போகும்போது கிளினிக் கொப்பி, டிக்கட் வெட்டிய துண்டு, அந்த நோவு மாத்திரையின் உறை மூன்றையும் எடுத்துப் போங்கள். பிள்ளையையும் கொண்டு போங்கள், பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாயும் வாட்டில் நிம்மதியாகப் படுக்க மாட்டாள். போனதும் முதல் வாக்கியமாக "சீசர் செய்து 12 நாள், ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது" என்று சொல்லுங்கள். கால் நோவு என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

நானுஓயா பேத்தி, இரவு 8.58

நான் தெரியாமல் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, தம்பி மன்னிக்க வேண்டும். ஆனால் ஒரு சந்தேகம். மலையில் நின்று கொழுந்து எடுக்கிற பெண்களில் பாதிப் பேருக்குப் பின்னேரம் கால் வீங்கித்தான் இருக்கும், நரம்புச் சுருட்டும் இருக்கும். எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓட முடியுமா? ஒரு நாள் போனால் ஒரு பேர், அந்த நாள் கூலி, போய்விடும். அப்புறம் ஒரு கால் மட்டும் வீங்கினால் ஆனைக்காலாகவும் இருக்கலாம் இல்லையா?

வாட்டு அக்கா, இரவு 9.12

பேத்தி, மன்னிப்பெல்லாம் எதற்கு, நல்ல கேள்விதான். நாள் முழுக்க நின்று வருகிற வீக்கம் இரண்டு காலிலும் வரும், விரலால் அமுக்கினால் குழி விழும், இரவு காலை உயர்த்திப் படுத்தால் விடியும்போது பெரும்பாலும் வடிந்திருக்கும். அதற்கும் கிளினிக்கில் ஒரு நாள் காட்டுங்கள், இருதயம், சிறுநீரகம், இரத்தக் குறைவு என்று வேறு காரணங்கள் உண்டு, ஆனால் இரவோடு இரவாக ஓட வேண்டியதில்லை. பிள்ளை பெற்றவளுக்கு இரண்டு காலும் வீங்கி, கூடவே கடும் தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் அது வேறு ஆபத்து, பிரஷர், அதற்கும் அன்றைக்கே போக வேண்டும். நரம்புச் சுருட்டு தோலுக்கு அடியில் புழு மாதிரி வெளியே தெரிவது, நாம் பேசுகிற கட்டி உள்ளே ஆழத்தில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது.

அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்கி, அதிலிருந்து கிருமி ஏறி ஒரு கால் மட்டும் வீங்குவதும் நம் பக்கத்தில் சாதாரணம். அதில் காய்ச்சல் இருக்கும், சிவப்பு படர்ந்துகொண்டே போகும், புண் எங்கே என்று காட்டலாம். ஆனால் இரண்டையும் வீட்டிலிருந்து பிரித்துச் சொல்ல எனக்கே சில நேரம் முடியாது, ஸ்கேன்தான் சொல்லும். ஆனைக்கால் இந்த மலைகளின் நோய் இல்லை, அது மேல் மாகாணம், தென் மாகாணம், வடமேல் மாகாணம் என்று கரையோரப் பக்கம் இருந்தது, அங்கேயும் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழிக்கப்பட்டுவிட்டது என்று 2016இல் உலக சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டது. அதுவும் மூன்று நாளில் வீங்காது, வருடக் கணக்கில் வரும்.

சாமிமலைத் தம்பி, இரவு 9.20

அளந்து பார்த்தோம். இடது 37, வலது 32 அரை. மூச்சு பரவாயில்லை என்கிறாள், நெஞ்சு வலி இல்லை. பக்கத்து லயத்து அண்ணன் ஆட்டோவைக் கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும் கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார். அம்மாவுக்குத்தான் கோபம், எண்ணெய் வீண் என்று. கிளம்புகிறோம்.

லொறிக்காரன், இரவு 9.23

நடக்க விடாதீர்கள், நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்குங்கள். சேற்றுப் படிக்கட்டில் அவசரப்பட வேண்டாம். வழியில் மூச்சு மாறினால் ஆட்டோவை நம்பிக்கொண்டு இருக்காமல் 1990க்கு அடித்து எந்தச் சந்தி என்று சொல்லிவிடுங்கள், அம்புலன்ஸ் எதிரே வரட்டும். லயத்தின் பெயரைச் சொன்னால் அவர்களுக்கு இடம் தெரியாது, ரோட்டில் இருக்கிற கோயிலையோ பாலத்தையோ சொல்லுங்கள்.

ஊவாப் பெண், மறுநாள் காலை 6.40

தம்பியின் அக்கா எப்படி இருக்கிறாள்? இரவெல்லாம் நினைத்துக்கொண்டே இருந்தேன். இடையில் என் கேள்வியையும் போடுகிறேன். நான் அடுத்த மாதம் குவைத்திலிருந்து வருகிறேன். விமானத்தில் ஐந்து மணி நேரம், அப்புறம் கட்டுநாயக்காவிலிருந்து பண்டாரவளைக்கு வான் வண்டியில் இன்னும் ஆறேழு மணி நேரம். கருத்தடை மாத்திரையும் போடுகிறேன். என் அம்மாவுக்கு முன்பு ஒரு தடவை காலில் இரத்தம் உறைந்து ஒரு வருடம் மாத்திரை போட்டார். எனக்கும் வருமா?

வாட்டு அக்கா, காலை 7.15

வரும் என்று இல்லை, ஆனால் நீங்கள் சொன்ன மூன்றும் ஒன்றோடு ஒன்று சேருகிற விஷயங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேலே உட்கார்ந்தபடி போகிற பயணம், ஈஸ்ட்ரஜன் கலந்த மாத்திரை, தாய்க்கு வந்திருப்பது. மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள், ஆனால் அம்மாவின் கதையை மாத்திரை தருகிற இடத்தில் சொல்லியே ஆக வேண்டும், ஈஸ்ட்ரஜன் இல்லாத வேறு முறைகள் இருக்கின்றன. விமானத்தில் ஓரத்து இருக்கை கேளுங்கள், மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து நடவுங்கள், உட்கார்ந்திருக்கும்போது குதிகாலை ஊன்றி விரலைத் தூக்குவதும் விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவதுமாக இருங்கள், கெண்டைச் சதைதான் கீழே இருக்கிற இரத்தத்தை மேலே தள்ளுகிற பம்ப். டொய்லட் போக வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் வராதீர்கள், நம் பெண்கள் செய்கிற வேலை அது. வான் வண்டியை வழியில் இரண்டு இடத்திலாவது நிறுத்தித் தேத்தண்ணீர் குடியுங்கள். வீட்டுக்கு வந்து சில வாரம் வரைக்கும் காலைக் கவனியுங்கள், இறங்கின அன்றே வரும் என்று இல்லை.

சாமிமலைத் தம்பி, எட்டு நாளுக்குப் பிறகு

எல்லோருக்கும் நன்றி. உடனே எழுத முடியவில்லை, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டு இருந்தேன். அன்றிரவு முதல் ஆஸ்பத்திரியில் டொக்டர் காலைப் பார்த்ததுமே ஒரு ஊசி போட்டு அம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். காலையில் டொப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள், அல்ட்ராசவுண்ட் மாதிரித்தான், காலில் ஜெல்லைப் பூசி அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள். இடது தொடையிலிருந்து கீழே வரைக்கும் கட்டி. நுரையீரலுக்குப் போகவில்லை. இரத்தக் கட்டி இருக்கிறதா என்று பார்க்க இரத்தத்தில் ஏதோ டி-டைமர் என்று ஒரு சோதனை இருக்கிறதாமே, அதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டதற்கு, பிள்ளை பெற்றவளுக்கு அது எப்படியும் கூடத்தான் இருக்கும், எடுத்துப் பிரயோசனம் இல்லை என்றார்கள்.

வயிற்றுத் தோலில் ஒரு நாளைக்கு இரண்டு ஊசி, கூடவே இரத்தம் உறையாமல் தடுக்கிற வார்ஃபரின் மாத்திரை. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர். கணக்கு 2க்கு மேலே வந்து நின்ற பிறகு ஊசியை நிறுத்திவிட்டு நேற்று டிக்கட் வெட்டினார்கள். வீக்கம் பாதி குறைந்திருக்கிறது. பால் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா ஸ்கேன் காம்பரா வாசலில் வைத்தே என் கையைப் பிடித்துக்கொண்டு "அன்றைக்கு நான் உருவியிருந்தால்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

இப்போது மூன்று கேள்வி. லயத்தில் யாரோ அக்காவிடம் வார்ஃபரின் எலி மருந்து என்று சொல்லிவிட்டார்கள், மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறாள். இரண்டாவது, கீரையே சாப்பிடக் கூடாதா? மூன்றாவது, மாத்திரை போடும்போது இரத்தம் நிற்காது என்றார்கள், எங்கள் வீட்டு வாசலிலேயே அட்டை இருக்கிறது, கடித்தால் என்ன செய்வது?

வாட்டு அக்கா, இரவு 7.50

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. எலி மருந்து என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை, 1948இல் அது எலிக்குத்தான் விற்பனைக்கு வந்தது. 1954இலிருந்து மனிதருக்குக் கொடுக்கிறார்கள். அளவுதான் வித்தியாசம். அந்த அளவைப் பார்ப்பதற்குத்தான் அடிக்கடி இரத்தம் எடுத்து ஐ.என்.ஆர். பார்க்கிறது, 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி வளரும், கூடினால் எங்காவது இரத்தம் கசியும். அதனால் கிளினிக் நாளைத் தவறவிடக் கூடாது, மழை என்றாலும். குறைந்தது மூன்று மாதம் போட வேண்டியிருக்கும், வீக்கம் வடிந்துவிட்டது என்று அக்காவாக நிறுத்தக் கூடாது.

கீரை சாப்பிடலாம். வல்லாரை, முருங்கைக் கீரை, கோவா எல்லாவற்றிலும் இருக்கிற விற்றமின் கே மருந்துக்கு எதிராக வேலை செய்யும், ஆகவே ஒரு வாரம் தினமும் வல்லாரைச் சம்பல், அடுத்த வாரம் கீரையே இல்லை என்று மாற்றி மாற்றிச் செய்தால்தான் ஐ.என்.ஆர். ஆடும். வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிஸ்பென்சரி நோவு மாத்திரை மிச்சம் இருந்தால் எறிந்துவிடுங்கள், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மாதிரி எதுவும் இதோடு சேரக் கூடாது. நோவுக்குப் பனடோல் போதும், அதையும் நாள் கணக்கில் தொடர்ந்து போடுவதென்றால் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். கடைக் கஷாயம், லேகியம் எல்லாம் கேட்காமல் வேண்டாம். கறுப்பாக மலம் போனாலோ, பல் முரசில் இரத்தம் நிற்காவிட்டாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே வாருங்கள்.

அக்காவிடம் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று, அல்லது மிட்வைப் சொல்லட்டும்: வார்ஃபரின் போடும் காலத்தில் கர்ப்பமாகக் கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. அதற்கென்று கருத்தடை மாத்திரையும் கேட்காமல் தொடங்கக் கூடாது, அது இரத்தத்தை உறைய வைக்கிற பக்கம். அடுத்த பிள்ளை என்று வரும்போது நாள் தள்ளிய உடனேயே போய் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும், அப்போது ஊசி மருந்துக்கு மாற்றுவார்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அட்டை விஷயத்தை அண்ணனிடம் விடுகிறேன், அவருக்குத்தான் அனுபவம்.

லொறிக்காரன், இரவு 8.15

அக்கா சிரிக்கிறது தெரிகிறது. நான் ஆறு மாதம் வார்ஃபரின் போட்டவன், அதில் அட்டைக்கு மூன்று தடவை இரத்தம் கொடுத்தவன். வேடிக்கை என்னவென்றால் அட்டையின் எச்சிலிலேயே இரத்தம் உறையாமல் இருக்கிற சாமான் இருக்கிறது, ஹிருடின் என்கிறார்களே அது மாதிரி ஒன்று, அதனால்தான் நல்ல உடம்புக்காரனுக்கே அது விழுந்த பிறகும் ஒழுகிக்கொண்டே இருக்கும். மாத்திரை போடுகிறவனுக்கு இரண்டு பங்கு. முதல் தடவை சாரம் முழுக்க நனைந்துவிட்டது, பார்த்தவர்கள் யாரோ வெட்டிவிட்டார்கள் என்று நினைத்தார்கள்.

பிய்த்து இழுக்காதீர்கள், நகத்தால் வாயைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் விழுந்துவிடும். கழுவி, சுத்தமான துணியை மடித்து வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் பதினைந்து இருபது நிமிடம் விரலால் அமுக்கியே பிடிக்க வேண்டும். கால் என்றால் உயர்த்தி வைத்துக்கொண்டு. அப்படியும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அவமானம் ஒன்றும் இல்லை. வாசலுக்கு இறங்கும்போது சப்பாத்துப் போட்டு, முழங்கால் வரைக்கும் சவர்க்காரத்தை ஈரம் இல்லாமல் தடவிக்கொள்ளட்டும். உப்பு மழையில் கரைந்துவிடும், சவர்க்காரம் கொஞ்ச நேரமாவது நிற்கும். சிவப்புச் சவர்க்காரம்தான் நல்லது என்று என் மனைவி சொல்கிறாள், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.